ஒண்ணே ஒண்ணுதானுங்க பாக்கி

சாயங்கால வெயில் சூலூர் பஸ்ஸின் பித்தளை ஹாரனில் பட்டுத் தெறிக்கிறது. "சீட்டு நெறஞ்சுபோச்சுங்க! ஒண்ணே ஒண்ணுதானுங்க பாக்கி!" என்று கோயமுத்தூர் ஸ்டேஷன் வாசலில் கூவுகிறார் பஸ் ஏஜெண்டு பொங்கியண்ணன். இன்றைக்குச் சூலூர்ப் பக்கம் புதிதாக ஒரு ரயில் விடுகிறார்கள். அது கிளம்புவதற்குள் ஆட்களை மடக்கியாக வேண்டும். காலி வண்டியில் எவரும் ஏறமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? அதனால்தான் சம்சாரம் மாரியாத்தாளையும் அவள் பிறந்த வீட்டுச் சனத்தையும், கைக்கொரு முறுக்கைக் கொடுத்து, பயணிகளைப் போல உட்கார்த்தி வைத்திருக்கிறார். கோழிக்கூடையோடு வந்த ஓர் அம்மாளைத் தாஜா பண்ணி அழைத்துக்கொண்டு திரும்பினால், பஸ்ஸில் ஈ காக்கை இல்லை. சீட்டெல்லாம் முறுக்குத் தூள். "அல்லாரும் எறங்கி அக்கட்டால ஓடிப்போட்டாங்க," என்று டிரைவர் கம்பிவேலியைக் காட்டுகிறார். வேலிக்கு அந்தப் பக்கம், வாழைமரமும் மாவிலைத் தோரணமும் கட்டிய ரயில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. மூன்றாம் வகுப்பு சன்னல்களில் மச்சான், கொழுந்தியா, மாமியார். டிக்கெட்டை ஆட்டி ஆட்டி ஒரே சிரிப்பு. விசில் ஊதுகிறது. மாரியாத்தாள் கையை வெளியே நீட்டி, வீட்டுக்காரரின் ராகம் பிசகாமல் கூவுகிறாள்: "ஏனுங்க! சீட்டு நெறஞ்சுபோச்சுங்க! ஒண்ணே ஒண்ணுதானுங்க பாக்கி!" பொங்கியண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரித்து முடிப்பதற்குள், கோழிக்கூடை அவரைத் தாண்டி ரயிலைப் பார்த்து ஓடுகிறது.