எபனேசரின் ஏழாவது பிள்ளை

“எபனேசருக்குப் பதினொரு பிள்ளையள். ஏழாவதை மட்டும் காணேல்லை!”

பாலேந்திரா சாப்பாட்டு மேசையில் தட்டிச் சொன்னார். ரோல்ஸ் தட்டோடு வந்த மனைவி யோகமலர் அதை வைக்க இடமில்லாமல் கதிரையில் வைத்தாள். மேசை முழுக்க அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஹொலிஸ்டர் குடும்பம் பரவிக் கிடந்தது.

லண்டன் ஹரோவில் இந்த வீட்டில் மூன்று கிழமையாக இதே கூத்துத்தான். மகள் கம்சிகா, தன்னோடு வேலை செய்யும் நேதன் ஹொலிஸ்டரைக் கட்டப்போவதாகச் சொன்னாள். “விசாரிக்காமல் ஓம் சொல்ல ஏலாது” என்றார் அப்பா.

இந்த விசயத்தில் பாலேந்திரா பேர்போன ஆள். டூட்டிங்கிலோ மனோர் பார்க்கிலோ யாராவது சம்பந்தம் பேசத் தொடங்கினால் முதல் ரெலிபோன் கோல் அவருக்குத்தான் வரும். மாப்பிள்ளையின் ஊருக்கு இரண்டு கோல் போட்டு நாலு தலைமுறையைத் தோண்டி எடுத்துவிடுவார். இதுவரை மூன்று கலியாணம் அவர் வாயால் குழம்பியிருக்கிறது.

ஒகையோவில் கோல் போட அவருக்கு ஆளில்லை. ஆனால் நேதனின் தாய் தானாகவே வந்து மாட்டினாள். அந்தக் காலத்துப் பெரியம்மா ஒருத்தி 1911இல் அச்சடித்த குடும்ப வரலாற்றைப் பிரதியெடுத்துத் தபாலில் அனுப்பியிருந்தாள். ‘உங்கள் வம்சத்தையும் எழுதித் தாருங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது’ என்று ஒரு கடிதமும் உள்ளே இருந்தது.

புத்தகத்தை வாசிக்க வாசிக்கப் பாலேந்திராவின் முகம் வாடிப்போனது. நேதனின் மூதாதை எபனேசர் மா அரைக்கும் ஆலை வைத்திருந்தவர், ஊர்த் தேவாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். மூத்த மகன் நீதவான், மூன்றாவது மகள் தலைமை ஆசிரியை. “இப்பிடியும் ஒரு குடும்பம் இருக்குமோ?” என்று பெருமூச்சு விட்டார்.

கடிதத்துக்குப் பதிலாகத் தானும் ஒரு பெரிய தாளில் வம்சம் வரைந்தார். கம்சிகாவில் தொடங்கித் தன் அப்பப்பா வரைக்கும் ஏறியவர், அதற்கு மேலே ஒரு கோட்டை மட்டும் இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“அவற்ர தகப்பன்ர பேரையும் எழுதுங்கோவன்” என்றாள் யோகமலர்.

“தாளிலை இடம் காணாது.”

தாளில் அரைவாசி வெறுமையாகக் கிடந்தது.

இன்று சனிக்கிழமை. நேதனின் தாயும் தகப்பனும் லண்டனுக்கு வந்திறங்கிவிட்டார்கள், நாலு மணிக்கு வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வருகிறார்கள். அதற்குள் ஏழாவது பிள்ளையைக் கண்டுபிடித்தே தீருவதென்று பாலேந்திரா காலையிலிருந்து கணினிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

“மற்றப் பத்துப் பேருக்கும் பக்கம் பக்கமாய் எழுதிப்போட்டு, உவன் சைலஸ் 1846இலை பிறந்தவன் எண்டதோடை விட்டிட்டினம். ஏன்?”

“சின்னனிலை செத்திருப்பான்” என்றாள் யோகமலர்.

“செத்தால் செத்ததெண்டு எழுதுவினம். இது மறைக்கினம், மலர்!”

கம்சிகா கணினிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா ‘மறைக்கினம்’ என்று சொன்ன இடத்தில்தான் அந்த மூன்று கலியாணமும் நின்றுபோயின.

“அப்பா, நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக்கூடாதெண்டு சொல்லுவினமெல்லே?”

“உது நதியுமில்லை, ரிஷியுமில்லை. உது சம்பந்தம்!”

மூன்றே முக்காலுக்கு ஒகையோவின் பழைய பத்திரிகை ஒன்று திரையில் விரிந்தது. பாலேந்திரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

“பிடிச்சிட்டன்! 1871. சைலஸ் ஹொலிஸ்டர், பக்கத்துத் தோட்டக்காரன்ர ரெண்டு குதிரையைக் களவெடுத்தவன். மூண்டு வருசம் சிறையிலை மறியல்!”

கம்சிகாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி எவனோ மறியலுக்குப் போனதுக்கு நேதன் என்னப்பா செய்வான்? அவன் கேளாமல் ஒருத்தற்ர பேனையைக்கூடத் தொடமாட்டான்.”

யோகமலர் மகளை அணைத்துக்கொண்டாள். “உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையோ? வாற ஆக்களுக்கு என்னெண்டு சொல்லப் போறியள்?”

வாசல் மணி அடித்தது.

பாலேந்திரா எழும்பினார். மூன்று கிழமையாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவர் முகம் முழுக்க வந்திருந்தது. பேனையை எடுத்துத் தன் தாளில், அப்பப்பாவுக்கு மேலே வெறுமனே நின்ற கோட்டின் நுனியில் ‘வேலாயுதர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

“கண்ணைத் துடைச்சிட்டுக் கதவைத் திற, பிள்ளை. சரிக்குச் சரியான சம்பந்தம்!”

“என்னப்பா சொல்லுறீங்கள்? ஆரது வேலாயுதர்?” கம்சிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“என்ர பூட்டன். மாட்டுக் களவிலை அஞ்சு வருசம் மறியலிலை இருந்தவர்!”