டிராக்டர் நின்ற இடம்

மலைக்குப் போக வேலியைத் தாண்டும் படியை ஒட்டி, கார் நிறுத்த ஒரே ஒரு நல்ல இடம். அதில் ஒரு பழைய சிவப்பு டிராக்டர் குறுக்கே நின்றது.

"வேணும்னே நிறுத்தியிருக்காங்க" என்றாள் மெலே.

காரை ஓட்டி வந்த அவள் கணவன் செமிசி சுற்றிலும் பார்த்தான். பண்ணை மைதானம் முழுக்கக் கார்கள். சனிக்கிழமை வெயில் அடித்தால் பாதி டுனீடின் நகரமே இங்கேதான் இருக்கும்.

இனி நிறுத்துவதென்றால் கீழே தார் ரோட்டோரம்தான். அங்கிருந்து இதுவரைக்கும் சரளைக்கல் ஏற்றம். அதை ஏறி முடிப்பதற்குள் செமிசியின் கால் ஓய்ந்துவிடும். அப்புறம் மலை எங்கே ஏறுவது?

இறைச்சி ஆலையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன் அவன். செயற்கைக் காலோடு மலைக்கு வருவது இன்றைக்குத்தான் முதல் தடவை. உச்சிக்கெல்லாம் ஆசையில்லை, அருவி வரைக்கும் போனால் போதும் என்று குளிர்காலம் முழுக்க வீட்டுப் படியில் ஏறி இறங்கிப் பழகியிருந்தான். அவனை இங்கே இறக்கிவிட்டு வண்டியைக் கீழே கொண்டுபோய் விடலாமென்றால், மெலேவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

செமிசி இறங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு, டிராக்டருக்குப் பக்கத்தில் கார் நுழையுமா என்று பார்த்தான். நுழையாது.

பக்கத்தில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒருத்தர் விவரம் சொன்னார். டிராக்டர் பண்ணைக்காரி நைரியுடையதாம். மலைப்பாதை அவள் நிலத்து வழியாகப் போகிறது, தடுக்க முடியவில்லை, அந்தக் கடுப்பில் சனிக்கிழமையானால் இப்படிச் செய்கிறாளாம்.

"ஜன்னல்ல உக்காந்து பைனாகுலர்ல பார்த்துக்கிட்டே இருப்பா. நாம இடம் தேடி அலையறதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்."

செமிசி காருக்குள் வந்து உட்கார்ந்தான். "விடு மெலே, வீட்டுக்குப் போலாம். மலை எங்கயும் ஓடிடாது."

சர்ச்சில்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பாடுகிறவள் மெலே. அவன் முகத்தைப் பார்த்தவள், என்ன நினைத்தாளோ, எட்டி ஹார்னை அழுத்தினாள். அழுத்தினவள் கையை எடுக்கவேயில்லை. மேய்ந்த ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன.

பண்ணை வீட்டுப் பக்கமிருந்து நைரி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நீளக் கால்சட்டை, சேறு படிந்த ரப்பர் கம்பூட்ஸ், கழுத்தில் பைனாகுலர். ஆடி அசைந்து நிதானமாக வந்தாள். அந்த நடையிலேயே திமிர் தெரிந்தது மெலேவுக்கு.

வந்தவள் நேராக டிராக்டரில் ஏறிப் பின்னால் எடுத்தாள். கொஞ்சம் இடைவெளி தெரிந்ததும், காத்திருந்த பெரிய வண்டி ஒன்று மூக்கை நுழைத்தது.

நைரி டிராக்டரை அப்படியே நிறுத்தினாள். "உனக்கில்ல. பின்னால எடு."

அந்த ஆள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். செமிசி காரைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

மெலே நன்றி சொல்லவில்லை. ஹார்னுக்குப் பயந்து எடுத்தவளுக்கு என்ன நன்றி என்று நினைத்துக்கொண்டாள்.

அருவி வரைக்கும் போனார்கள். செமிசி நனைந்த பாறையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தண்ணீரை வாரி அவள்மேல் அடித்தான். காலை இழந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து மெலே பார்த்ததில்லை. கொண்டுபோன வாழைப்பழக் கேக்கைச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

இறங்கி வந்தால், அவர்கள் காருக்குப் பக்கத்திலேயே டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. அதன்மேல் நைரி.

மெலேவுக்குச் சுருக்கென்றது. "எடுத்துடறோம். உங்க இடத்தை நீங்களே வெச்சுக்குங்க."

நைரி செமிசியைத்தான் பார்த்தாள். "கால் எப்படிப்பா இருக்கு? அருவி வரைக்கும் போனீங்களா?"

போனோம் என்றான் அவன்.

"நல்லது. இந்த இடத்துல நிறுத்துறவங்க நிறையப் பேர் அருவிக்கு முன்னாடி வர்ற பாலத்தோட திரும்பிடுவாங்க."

யார் அவர்கள் என்று மெலே கேட்டாள். நைரி என்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னாள். நடக்க முடியாதவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள். அவர்களுக்கென்று இங்கே ஒரு பலகை நட்டிருந்தாளாம். நல்ல காலோடு வந்தவர்கள் அதைச் சாய்த்துப் போட்டுவிட்டு நிறுத்தினார்களாம். திரும்ப நட்டாள், திரும்பச் சாய்த்தார்கள்.

"பலகையைச் சாய்க்கலாம், டிராக்டரைச் சாய்க்க முடியுமா? திட்டுறாங்க. திட்டட்டுமே, இடம் மிஞ்சுதுல்ல? வண்டியை விட்டு யாராவது கஷ்டப்பட்டு இறங்குறாங்களான்னு ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டே இருப்பேன்."

மெலேவுக்கு முகம் சுட்டது. கேக் டப்பாவை அப்படியே எடுத்து அவள் கையில் வைத்தாள். "மன்னிச்சிடுங்கக்கா. தெரியாம ஹார்ன் அடிச்சு உங்களை வரவெச்சுட்டேன்."

"ஹார்னா? அதுக்கு முன்னாடியே, உன் வீட்டுக்காரர் கம்பை ஊன்றி இறங்கினப்பவே கிளம்பிட்டேம்மா" என்ற நைரி, செமிசியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, சாவியால் தன் வலது கம்பூட்ஸைத் தட்டினாள். உள்ளே டொக்கென்று இரும்புச் சத்தம் கேட்டது. "நமக்கெல்லாம் வேகம் இவ்வளவுதானேப்பா?"