பின்வாசல் வழியாகப் போன வக்கீல்

"கருங்காலி! பின்வாசல் வழியா உள்ளே போறான் பாருங்க, கருங்காலி!"

வக்கீல் கில்செனன் போட்ட கூச்சலில் நீதிமன்றக் கூரையிலிருந்த காகங்கள் அத்தனையும் எழும்பிப் பறந்தன.

வக்கீல் சங்கத் தலைவி கிரான்யா திரும்பிப் பார்த்தாள். மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கக்கத்தில் ஒரு கோப்போடு சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார் மலாக்கி பிரீன். அறுபத்தெட்டு வயது. பாலிகார்வன் ஊர் வக்கீல்களில் மூத்தவர்.



ஏழைகளின் வழக்குக்கு அரசாங்கம் தரும் கட்டணத்தைக் குறைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. கேட்க நாதியில்லை. கிரான்யாதான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். கோல்ஃப் மைதானம் வரை துரத்திப் போய்க் கையெழுத்து வாங்கினாள். இன்று ஒரு நாள் வேலைநிறுத்தம்; எந்த வக்கீலும் உள்ளே போகக் கூடாது. ஒருவர் போனாலும் போச்சு, 'நீதிமன்றம் வழக்கம்போல நடந்தது' என்று தலைநகர் டப்ளினில் அறிக்கை விட்டுவிடுவார்கள்.

ஓடிப்போய்ச் சந்தை மறித்தாள்.

"மலாக்கி, நில்லுங்க! கையெழுத்துப் போட்டது மறந்துபோச்சா?"

"மறக்கலை, மகளே."

"அப்புறம் உள்ளே என்ன வேலை?"

"கொஞ்சம் இருக்கு."

"யாரோட வழக்கு?"

"அதைத் தெருவுல நின்னு சொல்ல முடியாது."

"உங்க ஒருத்தரால எல்லாம் பாழாப் போகப்போகுது!"

"மத்தியானம் நிதானமாத் திட்டு. இப்போ வழி விடு, நீதிபதி உட்கார்ந்துடுவார்."

அவளை மெல்ல விலக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் வாசலில் கூட்டம் சோரவில்லை. மழை தூறத் தூற உற்சாகம் ஏறியது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து வாழ்த்திக்கொண்டு போனார்கள். எதிர் பேக்கரியிலிருந்து சுடச்சுட ஒரு தட்டு ஸ்கோன் ரொட்டி வந்தது. உயில் எழுதியே வாழ்நாளைக் கழித்த மனிதர்கள் பதாகை பிடித்து, தொண்டை கிழியக் கத்தினார்கள். சங்கப் பத்திரிகைக்காரர் வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்.

"என்னை இடது பக்கத்துலேர்ந்து எடுப்பா," என்றார் கில்செனன். "அந்த வெட்கங்கெட்ட கிழம் வெளியே வரட்டும், அதையும் ஒரு படம் எடு!"

"பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் காசு ஆசை போகலை பாரு," என்றாள் இன்னொரு வக்கீலான பிரீஜ்.

எல்லோரும் சிரித்தார்கள். கிரான்யாவும் சிரித்தாள்.

ஒரு மணிக்கு எதிரிலிருந்த ஹோட்டலில் கூடினார்கள். சூப், ஹாம் சாண்ட்விச், தேநீர். மலாக்கியும் வந்தார். யாரும் இடம் விடவில்லை. மூலை மேசையில் தனியாக உட்கார்ந்தார்.

கில்செனன் எழுந்து நின்றார்.

"இந்த ஆளைச் சங்கத்துலேர்ந்து நீக்கணும். வருஷ விருந்துக்கு இவன் வந்தா நான் வரமாட்டேன். போராட்டம்னா போராட்டம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைக் கட்டிக்கிட்டு இருக்க முடியலையா?"

மேசைகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

"ஏதாவது சொல்றீங்களா, மலாக்கி?" என்று கேட்டாள் கிரான்யா. சங்கத் தலைவி என்ற முறையில் கேட்க வேண்டியிருந்தது.

"சூப்புல கொஞ்சம் உப்பு கம்மி."

கிரான்யா எழுந்து நின்றாள். "சரி. நீக்கலாம்கிறவங்க கை தூக்குங்க!"

கில்செனனின் கைதான் முதலில் எழுந்தது. பிறகு பிரீஜின் கை. எண்ணினாள். ஒன்பது. அவளையும் மலாக்கியையும் தவிர அத்தனை பேரும்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நீதிமன்றப் பதிவாளர் டூலன் அம்மாள் வந்தார். கையில் ஒரு கற்றைச் சீட்டு.

"நல்லவேளை, எல்லாரும் ஒரே இடத்துல இருக்கீங்க! ஒவ்வொரு ஆபீஸா அலைய வேண்டாம். கில்செனன், உங்க கட்சிக்காரப் பையனுக்கு ஜாமீன் கிடைச்சாச்சு. இந்தாங்க, அடுத்த தேதி."

"எ… என் கட்சிக்காரனா?"

"உங்களுக்குப் பதிலா மலாக்கிதானே எழுந்து நின்னார்? ஒருத்தருக்காக இன்னொருத்தர் நின்னா, யார் கேட்டுக்கிட்டதுன்னு நான் பதிவுல எழுதியாகணும். நீங்க நேத்துப் போன் பண்ணிக் கேட்டதா எழுதியிருக்கேன். சரிதானே?"

கில்செனனின் கை இறங்கியது.

"பிரீஜ், அந்தத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு உத்தரவு வாங்கிக் குடுத்துட்டார். நீங்க கேட்டுக்கிட்டபடியே."

உயர்ந்திருந்த கை தலைமுடியைச் சரிசெய்யப் போனது.

டூலன் அம்மாள் மேசை மேசையாகப் போனார். ஒன்பது சீட்டு. ஒன்பது பேர். ஒரு கைகூட மேலே இல்லை.

"ஒரே ஒரு கேஸ்தானேன்னு…" என்று முனகினார் கில்செனன். "நான் மட்டும்தான் கேட்டேன்னு நினைச்சேன்."

மற்ற எட்டுப் பேரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கிரான்யாவால் மலாக்கியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போகத் திரும்பிய டூலன் அம்மாள் கதவருகில் நின்றார்.

"ஆமா மலாக்கி, கடைசியா உங்க சொந்தக் கட்சிக்காரரோட கேஸைக் கூப்பிட்டாங்களே, அந்த நாய் லைசன்ஸ் விவகாரம். நீதிபதி மூணு தடவை உங்க பேரைச் சொல்லியும் நீங்க பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர் வேற பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தார். ஏன்?"

ரொட்டித் துண்டால் கிண்ணத்தை வழித்துக்கொண்டே மலாக்கி சொன்னார்:

"இன்னைக்கு நான் வேலைநிறுத்தம், அம்மா."