மூன்றாவது நிபந்தனை

இந்தக் காலத்து ஆட்களுக்கு வண்டி நின்றுபோனால் வண்டியைப் பார்க்கத் தெரியாது, போனைத்தான் பார்ப்பார்கள். ரெக்கவரி லாரி ஓட்டும் கொக்கிக்காரர் இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கினார்.

புத்தம் புதுக் கார் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் கோட்டும் டையுமாக ஒருவர், கக்கத்தில் தடிமனான ஃபைலை இடுக்கிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தார். டிரைவர் பாவம், முழங்கை வரை கிரீஸோடு இன்ஜினைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தான்.

"பதினோரு மணிக்கு நிதி அமைச்சகத்துல இருக்கணும், பெரியவரே. இன்னிக்குக் கையெழுத்து. கொஞ்சம் சீக்கிரம்," என்றார் கோட்டு.

காரின் நெற்றியில் இருந்த சின்னத்தைப் பார்த்ததும் கொக்கிக்காரர் கொக்கியை எடுக்க ஓடினார். அவருடைய மாப்பிள்ளை அந்தக் கம்பெனியில்தான் பெயிண்ட் அடிக்கிறார். அரசாங்கம் கடன் கொடுத்துத் தூக்கிவிட்டால் ஆலை ஓடும். இல்லாவிட்டால் ஆலைக்குப் பூட்டு, மகள் பெட்டியோடு இவர் வீட்டு வாசலில்.

"ஏறுங்க. பறந்துடலாம்," என்று காரைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார்.

கோட்டு காரிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனார். டிரைவர் லாரிக் கதவுக்கு முன்னால் போய் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்னப்பா, பல்லக்கு வரணுமா? ஏறு!"

கிரீஸ் கை கதவில் படுமே என்று கூச்சப்படுகிறான் போலிருக்கிறது. கொக்கிக்காரரே உள்ளிருந்து எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். டிரைவர் நடுவில் உட்கார, ஜன்னலோரம் கோட்டு ஏறிக்கொண்டார்.

லாரி கிளம்பியதும் கொக்கிக்காரரின் வாயும் கிளம்பிவிட்டது. "ஏன் சார், ஊரார் வரிப்பணத்தை வாங்கறீங்க. அதுல ஊர் போய்ச் சேர்ற மாதிரி ஒரு காராவது செய்யக் கூடாதா?"

கோட்டுக்குக் கோபம் வரவில்லை. "சும்மா ஒண்ணும் கொடுக்கலை பெரியவரே, நிபந்தனை இருக்கு, போன மாசத்துலேர்ந்தே அமல்," என்றார் பெருமையாக. "ஒண்ணு, பெரிய தலைங்க யாரும் விமானத்துல பறக்கக் கூடாது. கம்பெனி செஞ்ச கார்லதான் வரணும்."

"அதான் இப்படி லாரியில வர்றீங்களாக்கும்."

டிரைவர் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரெண்டு," என்றார் கோட்டு விடாமல். "முதலாளியிலேர்ந்து கூட்டிப் பெருக்கறவர் வரைக்கும், அங்க சம்பளம் வாங்கற யாரும் வேற கம்பெனி கார் வெச்சுக்கக் கூடாது. மீறினா அன்னிக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூணு..."

அதற்குள் போன் அடித்தது. அமைச்சகத்திலிருந்துதான். ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

கொக்கிக்காரரின் மனசு அந்த இரண்டாவதிலேயே மாட்டிக்கொண்டது. கோட்டு போனிலேயே இருக்கிறாரா என்று ஒரு கண் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, நீயும் நானும் ஸ்டியரிங் பிடிச்சுப் பொழைக்கறவங்க. உண்மையைச் சொல்லு. இதையெல்லாம் நிஜமாவே பார்ப்பாங்களா?"

"எதை?"

"அதான், யார் என்ன கார் வெச்சிருக்காங்கன்னு." குரல் இன்னும் இறங்கியது. "எங்க மாப்பிள்ளை உங்க ஆலையிலதான் பெயிண்ட் அடிக்கறார். ஆனா வெச்சிருக்கறது எதிரிக் கம்பெனி கார். காலையில மரக்கடைச் சந்துல ஒளிச்சு வெச்சுட்டு, மிச்ச தூரம் நடந்து போறார்."

"ஏன், நம்ம கார் பிடிக்கலையாமா?"

"தினமும் செய்யறவருக்குத்தானே தெரியும்! சமையல்காரனே வெளிய போய்ச் சாப்பிட்டா, காரணம் இல்லாமலா இருக்கும்?"

டிரைவர் அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தான். "சந்துல நிறுத்தினா யார் கண்ணுலயும் படாதா?"

"ரெண்டு பக்கமும் பலகை அடுக்கியிருக்கும் தம்பி. காக்காகூடப் பார்க்காது. உங்க முதலாளி காதுக்கு மட்டும் போயிடாம பார்த்துக்க. என் பொண்ணு குடும்பம் நடக்கணும்."

"என் வாயிலேருந்து வராது."

நல்ல பிள்ளை என்று கொக்கிக்காரர் நினைத்துக்கொண்டார். இவனைப் போய் வெயிலில் வாட்டி வதைக்கிறாரே இந்தக் கோட்டு!

அமைச்சக வாசலில் காரை இறக்கிவிட்டு, கூலிக்காகக் கோட்டிடம் கையை நீட்டினார்.

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? நான் அரசாங்கத்து ஆள்," என்றார் அவர். "முதலாளி இவர்தான். மூணாவதைச் சொல்ல வந்தேனே, விட்டீங்களா? கடன் அடையற வரைக்கும் இவருக்கு டிரைவர் கிடையாது. தானே ஓட்டறாரான்னு பார்க்கத்தான் நான் கூடவே வர்றேன்."

சொல்லிவிட்டு ஃபைலோடு படியேறிப் போய்விட்டார்.

கொக்கிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மாப்பிள்ளை மடியில் விட்டுவிட்டோமே! கிரீஸ் கை பணத்தை நீட்டியது. அந்தக் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்குக் காது குத்தறீங்க? இவர் முதலாளியாம்!" பணத்தை எண்ணாமலே பைக்குள் திணித்தார். "எனக்கு மாப்பிள்ளையே கிடையாது. நான் ஒண்ணும் சொல்லலை, நீங்க ஒண்ணும் கேக்கலை."

திரும்பிப் பாராமல் லாரியை நோக்கி நடந்தார். கோட்டுப் போட்டவன் தன்னை முதலாளி இல்லை என்கிறான், கிரீஸ் பூசியவனை முதலாளி என்கிறான். இந்தக் காலத்தில் எவன் பேச்சை நம்புவது?

பின்னால் யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம். தோளருகே அந்தக் கிரீஸ் கைக்காரரின் குரல், ரகசியமாக:

"பெரியவரே, அந்த மரக்கடைச் சந்துல இன்னொரு காருக்கு இடம் இருக்குமா?"