மலை தெரியும் மேடு

"ஏங்க, அந்த மலை முதல்ல எந்த இடத்துல தெரியும்? லைட்ஹவுஸ் தாண்டினதுமா?"

மனைவி கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தார். முக்காலியின் மேல் நீட்டிய வலது கால் கட்டை மாதிரி கிடந்தது.

"எதுக்குக் கேக்குற?"

"ஞாயித்துக்கிழமை வெயிலே இருக்காதாம், மேகமா இருக்குமாம். நானும் எங்க கடைப் பொண்ணும் சைக்கிள்ல போய்ட்டு வரலாம்னு இருக்கோம்."

"உனக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதே."

"அவ ஓட்டுவா. நான் பின்னாடி உக்காந்துக்குவேன்."

அடுப்படியில் ஒரு பாத்திரம் 'டங்' என்று விழுந்தது. தம்பிக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருக்கும் அக்கா எதற்கும் முதலில் பாத்திரத்தால்தான் பதில் சொல்வாள். வாய் பிறகு வரும்.

கோடையில் என்றாவது ஒரு நாள் எதிர்பாராமல் குளிர்ந்துவிடும். அந்த நாளுக்காகக் காத்திருந்து, கடலோர ரோட்டில் மலை தெரியும் மேடு வரை சைக்கிள் மிதித்துவிட்டு வருவது அவருக்கு வருஷா வருஷம் வழக்கம். இந்த வருஷம் ஏணியிலிருந்து விழுந்து முட்டி உடைந்துவிட்டது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது.

"இனிமே மிதிக்கிறதுதான் மருந்து. விட்டீங்கன்னா முட்டி அப்படியே இறுகிடும். அப்புறம் ஏணியையும் லிஃப்டையும் மறந்துட வேண்டியதுதான்" என்று பிசியோதெரபி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஹாலில் உடற்பயிற்சி சைக்கிள் வந்து இறங்கியது.

அதில் ஏறிப் பத்து சுற்று மிதிப்பார். "சுவத்தையே பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம் மிதிக்கிறது? போய்ச் சேர்றதுக்கு ஒரு இடம் வேணாமா?" என்று இறங்கிவிடுவார். கொஞ்ச நாளாக அதன் மேல் துண்டுதான் காய்கிறது.

"சொல்லுங்க, லைட்ஹவுஸா?"

பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்தார். ஆனால் தப்பான வழியைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

"அங்க ஒண்ணும் தெரியாது. மீன் ஏலக் கூடம் தாண்டி, பாலம் ஏறி இறங்கினா ஒரு மேடு வரும். மூச்சு வாங்கும். அது முடியிற இடத்துல சட்டுனு தெரியும்." தட்டை நகர்த்தினார். "போய்ட்டு வா."

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நல்லா இருக்கும்மா நியாயம். அவன் காலை மடக்க முடியாம உக்காந்திருக்கான். அவன்கிட்டயே வழி கேட்டுக்கிட்டு நீ ஊர் சுத்தக் கிளம்புற. அவன் மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. அதான் போறேன்."

கொழுப்பு என்று அக்கா முடிவு கட்டினாள். ஏற்கெனவே அவளுக்கு இவள் மேல் ஒரு கண் இருந்தது. இவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை சாத்தி வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்புகிறாள். முழங்கையில் பிளாஸ்திரி. கேட்டால் கடைக் கதவு இடித்துவிட்டதாம். போதாக்குறைக்குப் புது ஷூ வேறு. சொந்தக்காரர்களில் யார் யாருக்கு போன் போட்டு இதைச் சொல்லலாம் என்று அக்கா யோசிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டு ஜில்லென்று விடிந்தது. போனவள் மத்தியானம் நொண்டிக்கொண்டே திரும்பினாள்.

"என்னாச்சு?"

"ஷூ கடிச்சிடுச்சு அண்ணி."

நல்லா வேணும் என்று அக்கா வாயால் சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது.

வந்தவள் உட்காரவில்லை. துண்டுகளை வாரி நாற்காலியில் போட்டாள். உடற்பயிற்சி சைக்கிளை இழுத்து டிவி பக்கம் திருப்பினாள். போனை டிவியோடு இணைத்தாள்.

"ஏறுங்க."

"இப்ப வேணாம், விடு."

"ஏறுங்கன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை அவர் இரண்டு மூன்று தடவைதான் கேட்டிருக்கிறார். ஏறினார்.

டிவியில் கடலோர ரோடு விரிந்தது. பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் கடல். சைக்கிள் ஹேண்டில்பாரில் போனைக் கட்டிவைத்து வழி முழுக்கப் படம் பிடித்திருந்தாள்.

அவர் மிதித்தார். பத்தாவது சுற்றில் கால் நின்றது. டிவியும் நின்றது. ரிமோட் அவள் கையில் இருந்தது.

"நீங்க நின்னா ரோடும் நிக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். லைட்ஹவுஸ் போனது. மீன் ஏலக் கூடம் வந்தது. முட்டி விண்ணென்று வலித்தது. ஆனால் நிறுத்தினால் பாலம் வராது. அக்கா எப்போது எழுந்தாளோ, டேபிள் ஃபேனைத் தம்பி பக்கம் திருப்பி வைத்தாள். "கடல் காத்து வேணும்ல" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பாலம் இறங்கும்போது ரோடு தாறுமாறாக ஆடியது.

"என்ன அந்தப் பொண்ணு இந்த லட்சணத்துல ஓட்டுது?" என்று அவர் சிரித்தார். காலை உடைத்துக்கொண்ட பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மேடு ஆரம்பித்தது. 'ஐயோ' என்று ஒரு சத்தம். ரோடு கவிழ்ந்து வெறும் வானம் தெரிந்தது. ஒரு கை வந்து போனைத் தூக்கியது. ஹெல்மெட் கோணலாக, கன்னத்தில் மண்ணோடு அவர் மனைவியின் முகம். அவளுக்குப் பின்னால் கீழே கிடந்த சைக்கிளையும் காலி ரோட்டையும் தவிர ஒன்றுமில்லை.

அவருடைய கால் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் டிவியை விட்டு அவள் முழங்கைப் பிளாஸ்திரிக்கு வந்தது. அங்கிருந்து புது ஷூவுக்குப் போனது.

"ஏய், ஓட்டிக்கிட்டு வந்த கடைப் பொண்ணு எங்க?"

"அவ கடை சாத்தினப்புறம் எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்ததோட சரி. மேட்டுல நிறுத்தாதீங்க, மிதிங்க. மலை இன்னும் வரல."