வழியில் நின்ற பஸ்

"ரெண்டு வாய் குடி, போதும். அப்புறம் நடுவழியில இறங்கணும்பே. யார் நிறுத்துவா?" என்றான் கணவன்.

ஏழு மாத வயிற்றோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு பாட்டிலை மூடினாள். உடம்பில் தண்ணீர் குறைந்துபோய்த்தான் தலை சுற்றுகிறது, தாகம் எடுக்கிறதோ இல்லையோ குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அது அவனுக்கும் தெரியும். ஆனால் ஐந்து மணி நேரப் பயணம். மாற்றலாகிப் போகும் ஆபீசில் நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

போதாக்குறைக்கு இந்த டிரைவர். கிளம்பும்போதே எல்லோரையும் திரும்பிப் பார்த்து, நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கும், யார் கேட்டாலும் நிறுத்த மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரியான சிடுமூஞ்சி.

"அவர்கிட்ட போய் நான் எப்படிக் கேக்கறது? நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றான். டிரைவருக்குப் பின்சீட்டுதான் என்பதால் குரலைத் தணித்துத்தான் சொன்னான்.

முக்கால் மணி நேரம் ஓடிய பஸ், ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி நின்றது.

"இன்ஜின் சூடாயிடுச்சு. பத்து நிமிஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, டிரைவர் தண்ணீர் கேனோடு இறங்கிப் போனார். நாலைந்து பேர் காலை நீட்ட இறங்கினார்கள். கூடவே அவளும் மெல்ல இறங்கிப் போய்விட்டு வந்தாள்.

அடுத்த முக்கால் மணி நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் மறுபடியும் இன்ஜின் சூடு. அதற்கடுத்து ஒரு ஆஸ்பத்திரி வாசலில். அப்புறம் இன்னொரு பங்க்கில்.

இன்ஜினைவிட பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். சாப்பாட்டுக் கடைக்காரன் இவருக்கு மச்சானாக இருப்பான் என்றார் ஒருவர். இந்த ஆளுக்கு வண்டி ஓட்டவே தெரியவில்லை என்றார் இன்னொருவர். டிரைவர் கேனை ஓரமாக வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கணவன் கடிகாரத்தைப் பார்த்தான். இனி பறந்து போனாலும் ஆபீஸ் மூடியிருக்கும். பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தான். பதினோரு வருஷமாக ஆபீசில் கடிதம் எழுதிப் பழகிய கை. 'வேண்டுமென்றே காலதாமதம் செய்தும், பயணிகளை அலட்சியப்படுத்தியும்...' என்று வாக்கியம் தானாக வந்து விழுந்தது. தாள் சீட் சீட்டாகப் போய் இருபத்து மூன்று கையெழுத்தோடு திரும்பி வந்தது.

மனைவியிடம் நீட்டினான்.

"எனக்கு வேண்டாங்க. வண்டி சரியில்லைன்னா அந்த மனுஷன் என்ன பண்ணுவார்?" என்றாள்.

"நீ யாரைத்தான் விட்டுக்கொடுத்தே?" என்று தாளை மடித்துக்கொண்டான்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் நேராக அங்கிருந்த போக்குவரத்து அதிகாரியின் அறைக்குப் போனான். அவர் படித்துப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கை அனுப்பி வண்டியைப் பார்க்கச் சொன்னார். போன வேகத்தில் திரும்பி வந்த மெக்கானிக், இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை, நேற்றுதான் எல்லாம் சரிபார்த்து அனுப்பியது என்றார்.

அதிகாரி டிரைவரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்.

"என் தப்புதான் சார். எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

கணவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாசலுக்கு வந்தவனைக் கண்டக்டர் ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், உங்க வீட்டம்மா தண்ணி குடிக்கப் பயந்தது அவர் காதுல விழுந்துடுச்சு. பொம்பளைங்க கூசாம போய்வர்ற மாதிரி கழிப்பறை இருக்கற இடமாப் பார்த்துப் பார்த்து நிறுத்தினார். அவங்களுக்காக நிக்குதுன்னு சொன்னா பஸ்ஸே அவங்களைத் திட்டும்னுதான் இன்ஜின் மேல பழியைப் போட்டார். நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்."

மனைவி சற்றுத் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. காலையில் கிளம்பும்போது வெளிறிக் கிடந்த முகம் இப்போது தெளிந்திருந்தது. அதை அவன் இப்போதுதான் பார்த்தான்.

திரும்ப உள்ளே போனான். அந்தத் தாளைக் கேட்டான்.

"இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. திருப்பித் தர முடியாது" என்றார் அதிகாரி.

"தர வேண்டாம் சார். ஒண்ணு எழுத விட்டுப்போச்சு."

இருபத்து மூன்று கையெழுத்துக்கும் கீழே எழுதினான்:

'பஸ் நின்றது என் கர்ப்பிணி மனைவிக்காக. நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டியவன் நான். வெட்கப்பட்டுக்கொண்டு அவளைத் தண்ணீர் குடிக்காதே என்றேன். நடவடிக்கை எடுப்பதென்றால் என் மீது எடுக்கவும்.'