தோல் உரித்த மீன்

பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்டும் பெட்டியை விமானத்தில் ஏற்றக்கூடாது. அதனால்தான் சரக்கைச் சோதிக்கும் தூரிட் மூடியைத் திறந்தாள்.

திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஐஸுக்கு நடுவே முழு சால்மன். விலாவில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் சதை சிவப்பாகப் பிளந்து கிடந்தது. பக்கத்துப் பெட்டியிலும் அதே கண்றாவி. அதற்கு அடுத்ததிலும். மூடி தவறாமல் 'முதல் தரம்' என்று ஸ்டிக்கர் மட்டும் ஜம்மென்று ஒட்டியிருந்தது.

புண் பிடித்த மீன் முழுசாக நார்வேயை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். உலகம் காறித் துப்பிவிடுமே!

வெளியே சியோல் போகும் சரக்கு விமானம் வாயைத் திறந்து காத்திருந்தது. ஆஸ்லோ விமான நிலையத்தில் ஆள் ஏறாமல் விமானம் போகும். மீன் ஏறாமல் போகாது.

"ஏத்தவா, வேணாமா?" ஃபோர்க்லிஃப்டில் இருந்தபடியே ஓஸ்வால்ட் கத்தினான்.

தூரிட் ஸ்டிக்கரை மறுபடி பார்த்தாள். அனுப்பியது அவள் தம்பி ஐவின் வேலை பார்க்கும் தொழிற்சாலை. தரம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவனே அவன்தான். இவள் வேண்டாம் என்றால் அவன் வேலைக்கு உலை.

தங்கமான தம்பி. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் மீன் கொண்டு வருவான். அக்காவுக்குச் சிரமம் வேண்டாமென்று தோலை உரித்து, முள்ளை எடுத்து, துண்டு போட்டே கொண்டு வருவான். அந்த அக்கறையைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததில்லை.

அவனையே போனில் கூப்பிட்டாள்.

"த்தூ! இதப் போயி அடுத்தவன் வாயில வைக்கப் பாக்கறியே, நீயெல்லாம் மனுசனாடா?"

"கத்தாதக்கா. ஆள் பத்தலன்னு இந்தத் தடவ முழுசா அனுப்பிட்டோம். இல்லன்னா புண்ண வெட்டிட்டு, தோல உரிச்சு, துண்டு போட்டு உள்ளூருக்கே தள்ளிருவோம். தோல் இல்லன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

தூரிட் போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஓஸ்வால்டைப் பார்த்து, எல்லாவற்றையும் இறக்கு என்று கையைக் காட்டினாள்.

போனுக்குள் "அக்கா, அக்கா" என்று கெஞ்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் குப்பைத் தொட்டியின் மேல் குனிந்திருந்தாள்.

அவன் கொண்டுவந்த மீனில் ஒரு தடவைகூட அவள் தோலைப் பார்த்ததில்லை.